பெனால்டி வேண்டாம் என்று ஒதுங்கிய வெறுங்கால் மன்னன்: 1936-ல் ஸ்காட்லாந்தைக் கலக்கிய முகமது சலீம் யார்?

1936-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அந்த நாட்டின் சாம்பியன் அணியான செல்டிக், தன் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. பச்சை வெள்ளைப் பட்டை போட்ட ஜெர்சியில் பதினோரு பேர். அதில் பத்து பேர் காலில் கனமான தோல் பூட்ஸ். ஒருவர் காலில் மட்டும் பூட்ஸ் இல்லை. பாதத்தைச் சுற்றி துணிக்கட்டு மட்டும்தான்.

அந்த ஒருவர் கல்கத்தாவில் இருந்து கப்பலேறி வந்தவர். பெயர் முகமது சலீம். வயது 32. ஆங்கிலம் தெரியாது. ஆனா, பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் மைதானமே வேடிக்கை பார்த்தது.

ஐரோப்பிய கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்று இன்று அறியப்படுபவர் இவர்தான். அன்று அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தபோது, நீங்களே அடியுங்கள் என்று பந்தைக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். ஏன்? அவ்வளவு தூரம் போனவர் ஏன் சில மாதங்களிலேயே ஊர் திரும்பினார்? விரிவாகப் பார்க்கலாம்.

மட்டியாபுரூஸில் பிறந்த பையன்

முகமது சலீம் பிறந்தது 1904-ல், கல்கத்தாவின் மட்டியாபுரூஸ் பகுதியில். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இடம் இது. அவத் ராஜ்ஜியத்தை 1856-ல் ஆங்கிலேயர்கள் பறித்துக்கொண்ட பிறகு, அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கியது இங்கேதான். அவரோடு வந்த சமையல்காரர்கள், தையல்காரர்கள், பாடகர்கள் எல்லாம் இங்கேயே குடியேறினார்கள். இன்றைக்கும் தையல் தொழிலுக்குப் பேர் போன பகுதி.

சலீமின் குடும்பம் வசதியான குடும்பம் இல்லை. ஆனா அந்தக் காலத்து கல்கத்தாவில் கால்பந்து ஆட வசதி தேவைப்படவில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் இருந்தால் போதும். கம்மாபுரம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பசங்க செருப்பைக் கழற்றி ஓரமா வெச்சுட்டு விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். அதே கதைதான் அங்கேயும்.

சலீமுக்கு ஏழு வயது இருக்கும்போது, 1911 ஜூலை 29-ல், கல்கத்தாவையே புரட்டிப்போட்ட ஒரு சம்பவம் நடந்தது. மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ ஷீல்டு கோப்பையை வென்றது. மோகன் பகானின் பதினோரு பேரில் பத்து பேர் வெறுங்காலில் ஆடியவர்கள்.

ஆளும் நாட்டின் ராணுவ வீரர்கள் பூட்ஸ் போட்டு ஆடி, வெறுங்கால் இந்தியர்களிடம் தோற்றார்கள். துப்பாக்கி எடுக்காமல், சத்தம் போடாமல் கிடைத்த வெற்றி அது. அந்தத் தலைமுறைச் சிறுவர்களுக்குக் கால்பந்து வெறும் விளையாட்டாக இல்லாமல் போனது அந்த நாளில்தான்.

கிளப் கிளப்பாக மாறிய காலம்

சலீம் ஒரே நாளில் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. இருபது வயதைத் தாண்டிய பிறகு, 1926 வாக்கில் சித்தரஞ்சன் கிளப்பில் ஆடத் தொடங்கினார். அதன் பிறகு ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று ஒவ்வொரு கிளப்பாக மாறினார். அவர் ஆடியது ஓரத்தில். அதாவது விங்கர். எல்லைக்கோட்டை ஒட்டி பந்தைக் கொண்டுபோய், கோல் முன்னால் நிற்பவர் தலைக்கோ காலுக்கோ சரியாக அனுப்பும் வேலை.

கோல் அடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பந்தைக் கொண்டுவந்து கொடுப்பவரை கவனிப்பவர்கள் குறைவு. சலீமின் குணமும் அந்த இடமும் பொருந்திப்போனது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

1934-ல் அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் முக்கிய அணிக்கு வந்து சேர்ந்தார். 1891-ல் தொடங்கப்பட்ட கிளப் அது. அப்போதுதான் இரண்டாம் டிவிஷனில் இருந்து முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது.

36 வருட வரலாறு உடைந்த கதை

கல்கத்தா கால்பந்து லீக் 1898-ல் தொடங்கியது. அதில் இருந்து 1933 வரை ஒரு இந்திய அணிகூட பட்டம் வென்றதில்லை. ராணுவ ரெஜிமென்ட்கள், கல்கத்தா எஃப்.சி, டல்ஹவுசி மாதிரி ஐரோப்பிய அணிகளே மாறி மாறி வென்றுகொண்டிருந்தன.

ஒரு ஷீல்டு போட்டியில் ஒரு நாள் நன்றாக ஆடினால் வென்றுவிடலாம். லீக் அப்படி இல்லை. மாதக்கணக்கில் ஆட வேண்டும். கல்கத்தாவில் கால்பந்து சீசன் மழைக்காலத்தில் வரும். சேறும் தண்ணீருமாக இருக்கும் தரையில் வெறுங்கால் வழுக்கும். எதிரணியின் பூட்ஸ் அடியில் இருக்கும் குமிழ்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் இந்திய அணிகள் அடி வாங்கிக்கொண்டிருந்தன.

முகமதன் ஸ்போர்ட்டிங் இதைப் புரிந்துகொண்டது. ஈரத் தரை என்றால் பூட்ஸ், காய்ந்த தரை என்றால் வெறுங்கால் என்று வீரர்களைப் பழக்கியது. பலன் உடனே கிடைத்தது. 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்த முதல் வருடத்திலேயே பட்டம். லீக் வென்ற முதல் இந்திய கிளப் என்ற பெருமை.

அதோடு நிற்கவில்லை. 1934, 35, 36, 37, 38 என்று தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம். 1936-ல் ஐ.எஃப்.ஏ ஷீல்டும் சேர்ந்து கிடைத்தது. அந்தப் பொற்கால அணியின் முக்கியமான ஆட்டக்காரர்களில் ஒருவர் சலீம்.

திடீரென்று காணாமல் போன வீரர்

1936-ல் பெர்லினில் ஒலிம்பிக். இந்தியா கால்பந்து அணி அனுப்பவில்லை. ஆனா சீனா அனுப்பியது. சீன அணி பெர்லின் போகும் வழியில் பல ஆசிய நகரங்களில் நின்று நின்று காட்சிப் போட்டிகள் ஆடிக்கொண்டே போனது. கல்கத்தாவிலும் போட்டிகள் ஏற்பாடாயின.

முதல் போட்டியில் சலீம் ஆடினார். ஆட்டம் பாராட்டு வாங்கியது. அடுத்த போட்டிக்கு ஆளைத் தேடினால், காணவில்லை! அவரைத் திரும்பி வரச் சொல்லி பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கும் அளவுக்குப் போனது விஷயம்.

நடந்தது என்னன்னா, பிரிட்டனில் வாழ்ந்துவந்த ஹாஷிம் என்ற உறவினர் அப்போது கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தை நேரில் பார்த்தார். இந்தத் திறமையை ஐரோப்பாவில் காட்ட வேண்டும் என்று சலீமை சம்மதிக்க வைத்தார். இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். கெய்ரோ, அங்கிருந்து லண்டன், அதன் பிறகு கிளாஸ்கோ.

இன்றைக்கு ஒரு வீரர் வெளிநாட்டு கிளப்புக்குப் போக ஏஜென்ட், ஒப்பந்தம், விசா, மருத்துவப் பரிசோதனை என்று எத்தனையோ படிகள். அன்றைக்கு சலீமிடம் இருந்தது ஒரு கப்பல் டிக்கெட்டும் ஒரு உறவினரின் நம்பிக்கையும் மட்டும்தான்.

ஏன் செல்டிக்?

செல்டிக் சாதாரண கிளப் இல்லை. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழை ஐரிஷ் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட நிதி திரட்டுவதற்காக, 1880-களின் கடைசியில் ஒரு கத்தோலிக்கத் துறவியால் தொடங்கப்பட்டது. வயிற்றுப்பாட்டுக்காக வேறு நாட்டிலிருந்து வந்த மக்களின் கிளப்.

1936-ல் அது ஸ்காட்லாந்து லீக் சாம்பியன். ஜிம்மி மெக்ரோரி என்ற அதன் கோல் மன்னன் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 50 கோல் அடித்திருந்தார். மேலாளர் வில்லி மேலி 1897 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர்.

அந்த மேலியிடம்தான் ஹாஷிம் போய் நின்றார். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு முறை சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். கூடவே ஒரு சின்ன விஷயம், அவர் வெறுங்காலில்தான் ஆடுவார் என்றும் சொன்னார். தொழில்முறை வீரர்கள் பூட்ஸ் போட்டு மோதும் இடத்தில் வெறுங்காலா என்று மேலிக்குச் சிரிப்பு வந்ததாக அந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். ஆனாலும் வாய்ப்புக் கொடுத்தார்.

சோதனை ஆட்டம் முடிந்ததும் சிரிப்பு போய்விட்டது. சலீமை அணியில் இறக்க முடிவு செய்தார்கள்.

அந்த நாட்களில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் பிரபலம். செல்டிக் ஜெர்சியில் சலீம் உட்கார்ந்திருக்கிறார். கிளப்பின் முன்னாள் நட்சத்திரமும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி, கீழே குனிந்து சலீமின் பாதத்துக்குத் துணிக்கட்டு போடுகிறார். இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலம் அது. ஒரு பிரிட்டிஷ் பிரபலம் ஒரு இந்தியரின் காலடியில் குனிந்திருக்கும் அந்தக் காட்சி, இங்கே எத்தனை பேருக்கு என்னவெல்லாம் அர்த்தம் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு ஆட்டம், பன்னிரண்டு கோல்

சலீம் செல்டிக்கின் முதன்மை அணியில் ஆடவில்லை. அலையன்ஸ் லீக் எனப்பட்ட, ரிசர்வ் வீரர்கள் ஆடும் போட்டியில்தான் இறங்கினார். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏன்னா இணையத்தில் பல இடங்களில் இது விட்டுப்போகிறது.

ஹாமில்டன் அகாடமிகல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது. கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. மொத்தம் பன்னிரண்டு கோல்.

கால்ஸ்டன் ஆட்டத்தைப் பற்றி ஸ்காட்லாந்து பத்திரிகைகள் எழுதியவை சுவாரசியமானவை. இந்தியாவில் இருந்து வந்த வித்தைக்காரர் என்ற மாதிரி தலைப்புப் போட்டார்கள். அவர் பந்தைக் கால் கட்டைவிரலில் நிறுத்துகிறார், அங்கிருந்து சுண்டுவிரல் வரை உருட்டுகிறார், ஒற்றைக் காலில் துள்ளி எதிராளியைச் சுற்றி வருகிறார், அப்புறம் நடுவில் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார் என்று வர்ணித்தார்கள். அன்று விழுந்த ஏழு கோல்களில் மூன்று அவர் காலில் இருந்து தொடங்கியவை. அவர் அனுப்பும் பந்து நினைத்த இடத்தில் இருந்து ஓர் அங்குலம்கூட விலகுவதில்லை என்றும் எழுதினார்கள்.

அந்த வர்ணனைகளில் வியப்பும் இருந்தது, நிறத்தைச் சுட்டிக்காட்டும் அந்தக் காலத்துப் பார்வையும் இருந்தது. ஒரு விளையாட்டு வீரராகப் பார்த்ததைவிட, கிழக்கில் இருந்து வந்த அதிசயமாகப் பார்த்தது அதிகம். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெனால்டியை ஏன் மறுத்தார்?

அதே கால்ஸ்டன் ஆட்டத்தில்தான் அந்த பெனால்டி. கூட்டம் அவர் பக்கம். அணி வலுவான நிலையில். பந்து 12 கஜ தூரத்தில், அசையாமல் இருக்கிறது. எதிரில் கோல்கீப்பர் மட்டும். அடியுங்கள் என்றார்கள். சலீம் மறுத்துவிட்டார். கூச்சம் என்று காரணம் சொன்னார். ஆங்கிலம் பேசாத அவருக்காக ஹாஷிம்தான் மொழிபெயர்த்தார்.

ஓடும் பந்தில் மாயம் செய்பவருக்கு நிற்கும் பந்தை உதைக்க என்ன தயக்கம்?

இரண்டும் ஒரே வேலை இல்லை என்பதுதான் பதில். ஓடும் ஆட்டத்தில் யோசிக்க நேரமில்லை. கால் தானாகச் செய்யும். தப்பினாலும் அடுத்த நொடி ஆட்டம் நகர்ந்துவிடும். நிற்கும் பந்து அப்படி இல்லை. எல்லாரும் நிற்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் ஓடிவந்து உதைக்கிறார். உள்ளே போனால், போக வேண்டியதுதானே என்பார்கள். வெளியே போனால் காலத்துக்கும் பேசுவார்கள்.

நிற்கும் பந்தையே தொழிலாகக் கொண்டவர்கள்

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா பக்கம் ஒரு நிமிஷம் போய் வரலாம். அமெரிக்கன் ஃபுட்பால் என்பது நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டம். அதில் ப்ளேஸ்கிக்கர் என்று ஒருவர் இருப்பார். சக வீரர் தரையில் பிடித்து நிறுத்தும் பந்தை ஓடிவந்து உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறக்கவிடுவதுதான் அவர் வேலை. போனால் மூன்று புள்ளி. ஒரு ஆட்டத்தில் மொத்தமாகவே சில நிமிடங்கள்தான் களத்தில் இருப்பார். அதற்காகவே சம்பளம்.

முன்பெல்லாம் நேராக ஓடிவந்து கால் நுனியால் உதைப்பார்கள். 1964-ல் ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக், பஃபலோ பில்ஸ் அணிக்காக, கால்பந்து வீரர்கள் மாதிரி சாய்வாக ஓடிவந்து புறங்காலால் உதைத்தார். அது துல்லியமாகவும் தூரமாகவும் போனது. பிறகு எல்லாரும் அதற்கே மாறினார்கள்.

இங்கேதான் சலீமின் கதையோடு ஒரு தொடர்பு. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் சில அமெரிக்க கிக்கர்கள் உதைக்கும் காலில் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். 1979-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு வந்த டோனி ஃபிராங்க்ளின் அப்படித்தான். டென்வர் பிராங்கோஸ் அணியின் ரிச் கார்லிஸ் கடும் குளிரிலும் வெறுங்காலால் உதைத்தார். தோல் உறை இல்லாமல் புறங்கால் எலும்பு நேராகப் பந்தில் படும்போது, எங்கே படுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். சலீமும் மோகன் பகான் வீரர்களும் பழகியே தெரிந்துவைத்திருந்த விஷயம்.

அந்த கார்லிஸுக்கு என்ன நடந்தது பாருங்கள். 1987 ஜனவரியில் கிளீவ்லாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் 33 கஜ தூரத்தில் இருந்து உதைத்து அணியை சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். ஊரே கொண்டாடியது. இரண்டே வாரம் கழித்து அந்த இறுதிப்போட்டியில் 48 கஜ தூரத்தில் இருந்து உதைத்து சாதனையைச் சமன் செய்தார். ஆனா அதே ஆட்டத்தில் 23 கஜம், 34 கஜம் என்ற இரண்டு சுலபமான உதைகளைத் தவறவிட்டார். டென்வர் தோற்றது. கஷ்டமானது உள்ளே போனதைவிட, சுலபமானது தவறியதுதான் பேச்சானது.

நம்ம ஊரிலும் இதே கதை இருக்கு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்ஸை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அது. ஆனா கிடைத்த இரண்டு பெனால்டிகளில் ஒன்றை சைலன் மன்னாவும் இன்னொன்றை மகாபீர் பிரசாத்தும் தவறவிட்டார்கள். கடைசி நேரத்தில் பிரான்ஸ் கோல் போட, 2-1 என்று தோல்வி. சைலன் மன்னா அந்தக் காலத்தின் தலைசிறந்த ஃப்ரீ கிக் ஆட்டக்காரர். 1951 ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது அவர்தான் கேப்டன். ஆனாலும் 1948 என்றால் இன்றைக்கும் அந்த பெனால்டிதான் முதலில் பேச்சுக்கு வருகிறது.

சலீமின் கூச்சத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பந்தை மற்றவருக்குக் கொடுத்தே வளர்ந்த விங்கர் அவர். விருந்தாளியாக வந்த இடம். மொழி தெரியாது. சொந்த ஊரில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி வந்தவர். தவறினால், வெறுங்காலில் ஆடும் இந்தியர்களால் முடியாது என்ற பேச்சு அவர் தலையில் மட்டும் விழாது. ஒதுங்கிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செல்டிக் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனா சலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சில மாதங்களிலேயே திரும்ப முடிவு செய்தார். அவருக்காக ஒரு நிதி திரட்டும் ஆட்டம் நடத்தி, வசூலில் 5 சதவீதம் தர கிளப் முன்வந்ததாகவும், அது ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஏழைக் குழந்தைகளின் சாப்பாட்டுக்காகத் தொடங்கிய கிளப்பில் இப்படி ஒரு கதை நிலைத்துவிட்டதில் ஆச்சரியமில்லை.

இது இழப்பா, சரியான முடிவா?

தொழில்முறைக் கணக்கில் பார்த்தால் இழப்புதான். பிரிட்டனில் கால்பந்து வீரர்களுக்குச் சம்பளம் தருவது 19-ம் நூற்றாண்டிலேயே சட்டபூர்வமாகிவிட்டது. இங்கிலாந்தில் 1885, ஸ்காட்லாந்தில் 1893. இந்தியாவில் நிலைமை வேறு. வீரர்கள் எல்லாம் அமெச்சூர், பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் வழக்கம். கால்பந்தையே சம்பளத் தொழிலாக்கும் ஒரு கதவு சலீமுக்குத் திறந்தது. அவர் உள்ளே போகாமல் திரும்பினார்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அவருக்கு வயது 32. ஓரத்தில் ஓடி ஆடும் வீரருக்கு அது இளமை இல்லை. ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில், உறைந்த சேற்றில், வெறுங்காலில் எத்தனை நாள் ஆடியிருக்க முடியும்? ரிசர்வ் அணியில் ஜொலித்தவருக்கு மெக்ரோரி இருந்த முதன்மை அணியில் இடம் கிடைத்திருக்குமா? இதற்கெல்லாம் யாரும் பதில் சொல்ல முடியாது. கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங் அவருக்காகக் காத்திருந்தது. அவர் திரும்பி வந்து ஆடினார். 1937, 38 பட்டங்களும் வந்து சேர்ந்தன.

வெறுங்கால் காலம் எப்போது முடிந்தது?

சலீம் திரும்பிய பிறகும் இந்தியாவில் வெறுங்கால் ஆட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. இன்று உலகம் முழுக்க கால்பந்து விதிகளில் காலணி கட்டாயம். சலீம் மாதிரி ஒருவர் இனி அதிகாரபூர்வ போட்டியில் இறங்கவே முடியாது.

வெறுங்காலில் ஆட ஃபிஃபா அனுமதிக்காததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியில்லை. போக வேண்டாம் என்பது இந்தியக் கால்பந்து நிர்வாகத்தின் முடிவு. உலகக் கோப்பையை விட ஒலிம்பிக்கைப் பெரிதாக நினைத்த காலம் அது.

அவருக்குப் பிறகு யார்?

சலீமுக்குப் பிறகு ஒரு இந்தியர் ஐரோப்பிய கிளப்போடு தொழில்முறை ஒப்பந்தம் போட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி அணிக்குப் போனார். 63 வருட இடைவெளி! பிறகு சுனில் சேத்ரி போர்ச்சுகலுக்கும், குர்ப்ரீத் சிங் சந்து நார்வேக்கும் போனார்கள்.

2020-ல் மணிப்பூரின் பாலா தேவி, ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். எந்த ஊர் தெரியுமா? அதே கிளாஸ்கோ. எந்த கிளப்? செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ்!

அந்த பாலா தேவியோடு இந்திய அணியில் ஆடியவர்தான் நம்ம கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே தேசிய அணிக்கு ஆடியவர். ஆட்டம் ஒரு பக்கம், பிழைப்புக்கு அரசு வேலை ஒரு பக்கம் என்ற அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் முழுசா மாறவில்லை என்பதற்கு அவரே சாட்சி. கம்மாபுரத்திலோ விருத்தாசலத்திலோ பந்து உதைக்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் இருக்கும் கேள்வியும் இதுதான்: திறமை இருக்கு, ஆனா இதை நம்பி வாழ முடியுமா?

மாற்றாமல் வைத்த காசோலை

முகமது சலீம் 1980 நவம்பர் 5-ல் காலமானார். அதற்கு முன் அவர் உடல்நிலை சரியில்லாமல் இருந்த நாட்களில், அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று அதில் இருந்தது.

உண்மையில் பணம் அவர் நோக்கம் இல்லை. இரண்டே இரண்டு ஆட்டம், அதுவும் ரிசர்வ் அணியில், நாற்பது வருடத்துக்கும் முன்னால். இடையில் 1967-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியாக செல்டிக் எங்கேயோ போய்விட்டது. அப்படிப்பட்ட கிளப்புக்கு அப்பாவை இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினார்.

கிளாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. கூடவே 100 பவுண்டுக்கு ஒரு காசோலை.

அந்தக் காசோலையை மகன் வங்கியில் போடவே இல்லை. அப்பாவின் ஞாபகமாக அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டார்.